மன்றப் பெட்டியைத் திறக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செட்டிநாட்டு ஊர்களின் பழைய சினிமா ரசிகர் மன்ற வரலாற்றை எல்லாரும் சேர்ந்து இணையத்தில் தொகுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஆவணக் காப்பும் விக்கி (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளம்) நிர்வாகமும் தெரிந்தவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: மூன்று மன்றங்களைச் சேர்ந்த பழைய ஆட்கள் ஒன்றுகூடியிருக்கிறோம். இரண்டு தகரப் பெட்டி நிறைய நோட்டீஸ், போட்டோ, ரசீதுப் புத்தகம், பேட்ஜ் எல்லாம் சேர்ந்துவிட்டது. எந்த ஸ்கேனர் வாங்கலாம்?
– காரைக்குடி வாசகர்

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நனையாமல், கரையான் ஏறாமல் இருந்தால் அந்தக் காகிதம் இன்னும் பத்து வருடம் பெட்டியிலேயே கிடக்கும். ஆனால் போட்டோவில் நிற்பவர்களை அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரை இருப்பார்களா? அதனால் முதலில் பெயர், பிறகுதான் ஸ்கேன்.

ஒரு நீள நோட்டில் பேரேடு போடுங்கள். கணக்கு எழுதிப் பழகிய ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசை எண், பொருள், யார் வீட்டிலிருந்து வந்தது, எந்தக் கட்டில் எதோடு சேர்ந்து இருந்தது, வாங்கிய தேதி, கொடுத்தவர் போட்ட நிபந்தனை: ஆறு கட்டம் போதும். பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். நோட்டீஸ்களை ஒரு பக்கம், போட்டோக்களை ஒரு பக்கம் என்று அழகாகப் பிரித்து அடுக்கிவிட்டால், எந்த விழா நோட்டீஸோடு எந்தப் போட்டோ ஒரே உறையில் இருந்தது என்ற துப்பு போய்விடும்.

எண்ணைப் பின்பக்கம் மூலையில் 2பி பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். பிற்காலக் கலர் பிரிண்டுகளின் முதுகு பிளாஸ்டிக் பூச்சுள்ளது, பென்சில் பிடிக்காது. அவற்றை உறையில் போட்டு, உறைமேல் எண் எழுதுங்கள்.

குரூப் போட்டோவை ஏ4 தாளில் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு தலைமீதும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். அந்தத் தாளோடு பெரியவர்களிடம் போங்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. திண்ணையில் நாலு பேரை உட்காரவைத்துக் கேட்டால், சத்தமாகப் பேசுகிறவர் சொன்ன பெயரையே மற்ற மூவரும் வழிமொழிவார்கள். “இது நம்ம சைக்கிள் கடைக்காரர்தானே?” என்று எடுத்துக்கொடுக்கவும் கூடாது, விரலை வைத்து “இவர் யாருங்க ஐயா?” என்று கேட்டால் போதும். வெறும் பட்டப்பெயரோடு நிறுத்தாமல் இனிஷியல், தகப்பனார் பெயர், தெரு, தொழில் நான்கையும் கேளுங்கள். போனில் ஒலிப்பதிவு செய்யும்போது தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் முதல் வரியாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள நோட்டீஸ்களில் பாதிக்கு வருடமே இல்லை. “வெள்ளி 14-1 முதல்” என்று மட்டும் இருக்கிறது. அந்த நடிகரின் படம் வந்த வருடத்தைப் போட்டுவிடலாமா?
– கண்டனூர் வாசகர்

பதில்: போடக்கூடாது. சென்னையிலும் மதுரையிலும் ஓடி முடித்த பிறகுதான் சிற்றூர்க் கொட்டகைக்குப் படப்பெட்டி வரும். தவிர, கூட்டம் வரும் படத்தைப் பல வருடம் கழித்துத் திரும்பத் திரையிடுவதும் வழக்கம். எனவே படம் வெளியான தேதியைக் கொண்டு “இதற்கு முன் இருக்க முடியாது” என்று மட்டும் சொல்லலாம்.

உங்கள் நோட்டீஸையே எடுத்துக்கொள்வோம். 1945 முதல் 1990 வரை ஜனவரி 14 வெள்ளிக்கிழமையாக வந்த வருடங்கள் 1949, 1955, 1966, 1972, 1977, 1983. இந்த ஆறில் எது? இனி நோட்டீஸின் ஓரங்களைப் படியுங்கள்.

கட்டண விவரம்: ‘அணா’ என்றிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். ‘ந.பை.’ (நயா பைசா) என்றால் 1957 ஏப்ரல் முதல் 1964 மே வரை. 1964 ஜூன் முதல் ‘நயா’ போய் வெறும் ‘பைசா’. முகவரி: ‘தமிழ்நாடு’ என்ற பெயர் 1969 ஜனவரி 14 முதல், அதற்கு முன் சென்னை மாநிலம். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. இருந்தால் அதற்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம்; இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, உள்ளூர் நோட்டீஸில் பின்கோடு யார் போட்டார்கள்? மாவட்டம்: 1985 மார்ச் வரை காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் இராமநாதபுரம் மாவட்டம். பிறகு பசும்பொன் மாவட்டம், 1997 முதல் சிவகங்கை.

எழுத்து: தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு போயிற்று என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு தேதி போடுகிறார்கள். ஈய எழுத்து வைத்திருந்த சின்ன அச்சகம் அரசாணை வந்த மறுநாளே புது எழுத்து வாங்கிவிடவில்லை. மறுபக்கம், பெரியாரின் பத்திரிகைகள் 1935-லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டன. எழுத்தைத் துணைச்சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். 1867-ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் கேட்ட வரி அது. ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டி அதைத்தான் முதலில் தொலைக்கிறார்கள். அதே அச்சகத்தின் தேதி தெரிந்த இன்னொரு நோட்டீஸைப் பக்கத்தில் வைத்தால், பார்டர் பூவும் தேய்ந்த எழுத்துமே காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தமிழ் வருடம் போட்டிருந்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் தை மாதத்தில் கவனம். சௌமிய வருடம் 1969 ஏப்ரலில் தொடங்கியது. ‘சௌமிய, தை’ என்பது 1970 ஜனவரி. இந்த ஒரு வருடப் பிழை பல மன்ற மலர்களிலேயே அச்சாகியிருக்கிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். ‘தமிழ்நாடு’ என்றும் ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்றும் இருந்தால் மிஞ்சுவது 1972, 1977, 1983. படம் 1975-ல் வந்தது என்றால் 1972-ம் கழிந்தது. மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சான்று இல்லையென்றால் “1977 அல்லது 1983” என்றே பதியுங்கள், எந்தத் துப்பை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து.

கேள்வி: ஸ்கேன் செய்யும்போது என்ன அளவு வைக்க வேண்டும்? பெரிய போஸ்டர்களை என்ன செய்வது? கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோக்களும் உண்டு.
– புதுவயல் வாசகர்

பதில்: நோட்டீஸ், ரசீது, பாட்டுப் புத்தகம் எல்லாம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு). போஸ்ட்கார்டு அளவும் அதற்குக் கீழும் உள்ள போட்டோ 600 டிபிஐ. கறுப்பு வெள்ளையானாலும் 24 பிட் கலரிலேயே எடுங்கள். பழுப்பும் ரப்பர் ஸ்டாம்பின் ஊதாவும் தெரிய வேண்டும். மூலக் கோப்பு தரம் குறையாத டிஃப் வடிவில், தளத்தில் போட அளவு சுருங்கிய ஜேபெக் நகல். சுருக்காத டிஃப் கோப்பு ஒரு ஏ4 பக்கத்துக்கு 300 டிபிஐயில் சுமார் 26 எம்பி, 600-ல் சுமார் 104 எம்பி. 2000 பக்கத்தை 300-ல் எடுத்தால் 52 ஜிபி. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வெளியூரில்.

ஸ்கேனரில் ‘ஆட்டோ’ என்று தொடங்கும் வசதிகளை அணைத்துவிடுங்கள். அது வெளுத்த பென்சில் குறிப்பை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். பத்திரிகைப் படங்களில் அலை அலையாகக் கோடு விழுந்தால், அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 600-ல் எடுத்துப் பிறகு குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

30க்கு 40 அங்குலப் போஸ்டரைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்டுவது வீண் வேலை. வளவு முற்றத்தின் நிழல் பக்கத்தில் தட்டையான பலகைமேல் வைத்து, காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கேமராவைப் போஸ்டரின் நடுவுக்கு நேராக நிறுத்தி எடுங்கள். தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் சிவப்பும் பச்சையும் எதிரொளித்துப் போஸ்டரின் கீழ்ப்பாதி நிறம் மாறிவிடும். முன்னால் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் தீர்ந்தது. நிறம் சரிபார்க்க ஒரு வெள்ளைத் தாளும் அளவு தெரிய ஒரு ஸ்கேலும் படத்துக்குள் வரட்டும்.

கண்ணாடியில் ஒட்டிய போட்டோவைப் பிய்க்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள், கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் பிம்பம் விழாது. துருப்பிடித்த ஸ்டேப்பிள் கம்பியைப் பின்பக்கக் கால்களை நிமிர்த்தி எடுங்கள். செலோடேப்பை அப்படியே விடுங்கள். லாமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை.

வெளியூர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் முதல் கிளை மன்றம் யாருடையது என்பதில் இரண்டு தரப்பு. இரண்டு பேரும் தளத்தில் எழுதுவதற்கு உரிமை உள்ளவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் இரவோடு இரவாக அழிக்கிறார்.
– தேவகோட்டை வாசகர்

பதில்: தீர்ப்புச் சொல்வது தொகுப்பின் வேலை அல்ல. இரண்டு கூற்றும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும், ஒவ்வொன்றின் கீழும் யார் சொன்னது, எப்போது சொன்னது, கையில் என்ன தாள் இருக்கிறது என்ற மூன்று விவரத்தோடு. சான்றை மூன்று படியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அன்றே அச்சானது, அன்றே கையால் எழுதியது, பின்னாளில் நினைவிலிருந்து சொன்னது. மூன்றாவதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். எந்தப் படி என்று எழுதியிருந்தால் போதும். சந்தா ரசீதின் தேதி, அழைப்பிதழில் உள்ள பொறுப்பாளர் பட்டியல் இரண்டும் கிடைத்தால் பாதிச் சண்டை தானாக அடங்கும்.

அழிப்பதற்கு ஒரே விதி: சான்றோடு இருக்கும் வரியை நீக்கக்கூடாது, மறுப்பை அடுத்த வரியில் சேர்க்கலாம். விக்கியில் ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில் நிற்கும், ஒரு சொடுக்கில் மீட்கலாம். நிர்வாகப் பொறுப்பு ஒரு தரப்பிடம் மட்டும் இருக்கக் கூடாது.

அச்சுச் சான்றையும் அளவாகத்தான் நம்ப வேண்டும். ‘100-வது நாள்’ நோட்டீஸ் காட்டுவது விழா அறிவித்தார்கள் என்பதை. ஒரே கொட்டகையில் நூறு நாளா, ஷிஃப்டிங்கில் இரண்டு கொட்டகை சேர்த்தா என்பது வேறு கதை. அரசியலையும் மறைக்காதீர்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது மன்றப் பலகையே கட்சிப் பலகையான ஊர்கள் உண்டு. அன்றைய பெயரை அன்றைய பக்கத்தில் அப்படியே வைத்து, பிற்காலப் பெயரிலிருந்து வழிமாற்று (அந்தப் பெயரைத் தேடுபவரை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவரும் இணைப்பு) கொடுங்கள்.

கேள்வி: ஏவி.எம். ஸ்டூடியோ முதலில் தேவகோட்டை ரஸ்தாவில்தானே இருந்தது? அதையும் சேர்க்கலாமா?
– கல்லல் வாசகர்

பதில்: ஸ்டூடியோ 1948-ல் சென்னைக்குப் போய்விட்டது. அதன் வரலாற்றை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் எடுக்க வேண்டியது, கீற்றுக் கொட்டகைக்கு வெளியே நின்று ஷூட்டிங் பார்த்த ஊர்க்காரர்களின் பேச்சை. அன்று பத்து வயதுப் பையனாக இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். பேட்டிப் பட்டியலில் அவருக்கு முதலிடம்.

கேள்வி: விக்கிப்பீடியாவிலேயே எழுதிவிடலாமே? அல்லது ஃபேஸ்புக் குழு போதாதா?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: விக்கிப்பீடியாவில் முன்பே வெளியான சான்று வேண்டும், சொந்த ஆய்வு கூடாது. உங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னது அங்கே நிற்காது. சமூக வலைத்தளத்தில் போட்டது அந்தக் கம்பெனி இருக்கும்வரைதான். ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடியபோது அதிலிருந்த ரசிகர் குழுக்களும் போயின.

சொந்த மீடியாவிக்கி வைத்துக்கொள்ளுங்கள், விக்கிப்பீடியா ஓடுவதும் அதில்தான். இலவச மென்பொருள், அது இயங்கத் தேவையான பிஎச்பியும் மரியாடிபி தரவுத்தளமும் உள்ள சாதாரண ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) போதும். ஈழத்து ஆவணங்களுக்காக 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ தளமும் இதே மென்பொருளில் ஓடுகிறது. புதுக் கணக்கை நிர்வாகி ஒப்புதலோடு மட்டும் திறக்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் விளம்பர ரோபோக்கள் குடியேறிவிடும்.

தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. ‘மன்றம்’ என்று தேடினால் ‘மன்றத்தின்’ அகப்படாது. ‘எம்.ஜி.ஆர்.’, ‘எம்ஜிஆர்’, ‘எம். ஜி. ஆர்’ மூன்றும் கணினிக்கு மூன்று ஆட்கள். ஒரு வடிவத்தை முடிவுசெய்து, மற்றவற்றுக்கு வழிமாற்று போட்டு, ஊர், ஆண்டு, பொருள்வகை என்று பகுப்பு கொடுங்கள். கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து வேண்டாம். பேரேட்டு எண்ணையே ஆறு இலக்கமாக வையுங்கள்: 000147 என்பதுபோல. தொண்ணூறுகளில் டிடிபி (கணினியில் அச்சுக்கோப்பு) செய்த மலர்களின் கோப்பு கிடைத்தால் கிறுக்கலாகத் தெரியும். பாமினி, டேப், டாம் போன்ற பழைய எழுத்துரு முறைகள். யூனிகோடு மாற்றியில் போட்டால் மீண்டுவிடும். எந்த எழுத்துரு என்பதையும் குறித்துவையுங்கள்.

பேக்கப் என்று பலர் தரவுத்தளத்தை மட்டும் இறக்கி வைக்கிறார்கள். படங்கள் அதில் வராது. தரவுத்தளம், படக்கோப்புறை, தளத்தின் அமைப்புகள் உள்ள லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு மூன்றும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தால்தான் அது பேக்கப் என்று நம்பலாம். டொமைன் (தளத்தின் இணைய முகவரி) ஒருவருடைய பெயரிலும் கார்டிலும் இருப்பது ஆபத்து. அவர் காலமானாலோ கோபித்துக்கொண்டாலோ தளமும் போயிற்று. ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். டொமைன் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஆயாவும் பெரியம்மாவும் நடிகருக்குக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்ட படம் வாங்கியவர்கள். மன்ற வரலாறு என்று எதைத் திறந்தாலும் ஆண்கள் மட்டும்தான் நிற்கிறார்கள். இவற்றைத் தரலாமா? பெயர் வெளியே வந்தால் வீட்டில் சங்கடம்.
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: கட்டாயம் தாருங்கள், ஆனால் உங்கள் நிபந்தனையோடு. பெண்கள் குரூப் போட்டோவில் நிற்கவிடப்படவில்லை, அதனால் அவர்களுடைய ரசனை வேறு தாள்களில் கிடக்கிறது: பாட்டெழுதிய நோட்டு, கத்தரித்து ஒட்டிய ஆல்பம், இலங்கை வானொலிக்குப் பாட்டுக் கேட்டு எழுதிய அட்டை, வார இதழின் வாசகர் கடிதம். “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடியும் பாட்டுப் புத்தகங்களில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பல சமயம் அது ஒரு பெண்ணின் கையெழுத்தாக இருக்கும்.

தொகுப்பாளர்களுக்கு: ஒப்புதல் தாளில் மூன்று தேர்வு வையுங்கள். பெயரோடு இப்போதே வெளியிடலாம். பெயரை மறைத்து வெளியிடலாம். குறிப்பிட்ட வருடம் வரை பூட்டி வைக்கவும். மறைப்பது என்றால் நகலில் பெயர், கதவிலக்கம், தெரு மூன்றையும் மறைக்க வேண்டும். மூலக் கோப்பில் கைவைக்கக் கூடாது. உறுப்பினர் பட்டியல்களுக்கும் இதே முறைதான்: பெயரும் ஊரும் போதும், வீட்டு முகவரி வேண்டாம். யாராவது எடுக்கச் சொன்னால் முதலில் பார்வையிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு விசாரியுங்கள். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: கடிதத்தின் தாள் வைத்திருப்பவருடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது.

கேள்வி: இங்கே பழைய சினிமா இதழ்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. முழுசாக ஏற்றலாமா?
– கோலாலம்பூர் வாசகர்

பதில்: இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த மறுவருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. ஒரு இதழில் பலர் எழுதியிருப்பார்கள், எல்லாருக்கும் கணக்குப் பார்க்க முடியாது. முழு இதழைப் பொதுவில் வைக்க வேண்டாம். அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று: இதழ், தேதி, பக்கம், செய்தியில் வரும் ஊர், மன்றம் என்று ஐந்து கட்டத்தில் பொருளடக்கம் தட்டச்சு செய்து தாருங்கள். மன்றமே காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை அழைத்து எடுத்த விழாப் படங்கள் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை மன்றத்துக்கே. அவற்றைத் தாராளமாக ஏற்றலாம்.

கேள்வி: ஸ்கேன் முடிந்த பிறகு அசல் தாள்கள் எதற்கு? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போஸ்டருக்கு நல்ல விலை தருகிறார்கள்.
– கோட்டையூர் வாசகர்

பதில்: இந்தக் கேள்வியை உங்கள் ஊரிலிருந்து கேட்பதுதான் ஆச்சரியம். கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று பிறர் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்தவர். 1992-ல் அவர் மறைந்தார். சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அதைக் கொண்டு சென்னையில் 1994-ல் ஆய்வு நூலகம் உருவானது. அந்தச் சேகரிப்பு சிதறாமல் ஒரே இடத்தில் இருந்ததால்தான் அது நடந்தது. கடைக்காரர் போஸ்டரை மட்டும் உருவிக்கொள்வார். அதோடு இருந்த ரசீதும் கடிதமும் எடைக்குப் போகும்.

தவிர, ஸ்கேனில் தவறு இருந்தால் திரும்பப் பார்க்க அசல் வேண்டும். வீட்டிலேயே வைப்பதானால் சாயம் போடாத பருத்தித் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில், செங்கல்மேல் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பாச்சை உருண்டையை நேரே தாள்மேல் போடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்பும் மார்கழியிலும் திறந்து பாருங்கள். நூலகத்துக்குக் கொடுப்பதானால் பேரேட்டின் நகல் ஒன்றை இணைத்து, பெட்டிவாரியாக எண்ணிக்கை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே பெட்டியை வண்டியில் ஏற்றுங்கள்.